ரிசீவர் எழுந்தும் ஆம்ப் எழவில்லையா? கோளாறு எங்கே என்று கண்டறியும் வழி

ரிமோட்டை அழுத்தியதும் டிவியில் படம் வருகிறது. ரிசீவரின் முகப்பில் எழுத்து ஒளிர்கிறது. ஆனால் முன்பக்கத்துப் பெரிய ஸ்பீக்கர்களில் மட்டும் சத்தமே இல்லை. அலமாரியின் அடித்தட்டில் இருக்கும் பவர் ஆம்ப் இன்னும் சிவப்பு விளக்கோடு தூங்கிக்கொண்டிருக்கிறது. யாராவது குனிந்து, கையை உள்ளே விட்டு, அதன் பட்டனை அழுத்தினால்தான் வசனம் காதில் விழும். ஹோம் தியேட்டரோடு தனி ஆம்ப் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது.

சாதாரண ஹோம் தியேட்டர் ரிசீவருக்குள்ளேயே ஆம்ப் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும். கூடம் பெரிதாக இருந்தாலோ, பழைய கனமான ஸ்பீக்கர்களை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் போனாலோ, நல்ல இரண்டாம் கை ஆம்ப் ஒன்று குறைந்த விலையில் கிடைத்தாலோதான் தனி பவர் ஆம்ப் வீட்டுக்குள் வருகிறது. ரிசீவரின் பின்புறத்தில் உள்ள 'பிரீ அவுட்' துளைகளிலிருந்து ஒலி ஒயர் ஆம்புக்குப் போகிறது. இரண்டும் தனித்தனிப் பெட்டிகள், தனித்தனி பிளக்குகள். ஒன்று எழுந்ததை மற்றொன்றுக்கு யாராவது சொல்ல வேண்டும். அந்தச் செய்தி போகும் வழியில்தான் கோளாறு உண்டாகிறது.

குனிந்து எழுந்து அலுத்துப்போனவர்கள் ஆம்பை இரவும் பகலும் ஆன் நிலையிலேயே விட்டுவிடுகிறார்கள். சத்தம் வராவிட்டாலும் ஆம்ப் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். பல சேனல் கொண்ட ஆம்ப் ஒன்று சும்மா இருக்கும்போது 50 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு நான்கு மணி நேரம் படம் பார்த்தால், மீதி 20 மணி நேரத்தில் ஒரு யூனிட் வீணாகிறது. மாதத்துக்கு 30 யூனிட். அதே ஆம்ப் முறையாகத் தூங்கி அரை வாட் மட்டும் இழுத்தால், அந்த நேரத்துக்கான மாதச் செலவு ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பில்லைவிடப் பெரிய கவலை சூடு. கதவு மூடிய அலமாரிக்குள், நம் ஊர்ப் புழுக்கத்தில், நாள் முழுதும் வெந்துகொண்டிருக்கும் ஆம்பின் கெப்பாசிட்டர்கள் சீக்கிரமே கெட்டுப்போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. மகனோ மருமகளோ வேலைக்குப் போன பிறகு, பகலில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் வயதானவர்கள். ஒரே ரிமோட்டில் எல்லாம் எழும்பாவிட்டால், அந்த வீட்டின் ஆயிரக்கணக்கான வெள்ளி சாமான் அவர்களுக்கு வெறும் அலங்காரம்தான்.

செய்தி போகும் வழிகள்

ரிசீவரிலிருந்து ஆம்புக்கு 'எழுந்திரு' என்ற செய்தி இரண்டு வழிகளில் போகலாம். முதலாவது 12 வோல்ட் டிரிகர். ரிசீவர் ஆன் ஆனதும் அதன் பின்புறத்தில் உள்ள ஒரு சிறு துளையில் 12 வோல்ட் நேர்மின்சாரம் வரும். மெல்லிய ஒயர் அதை ஆம்பின் 'டிரிகர் இன்' துளைக்குக் கொண்டுபோகும். ஆம்புக்குள் இருக்கும் சுற்று அதை உணர்ந்து பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும். ரிசீவர் தூங்கினால் 12 வோல்ட் நின்றுபோகும், ஆம்பும் தூங்கிவிடும். இந்த ஒயரில் ஒலி எதுவும் போவதில்லை.

இரண்டாவது, ஆம்பே காது கொடுத்துக் கேட்பது. ஒலி ஒயரில் ஏதாவது சத்தம் வந்தால் எழும்பும், சில நிமிடம் அமைதியாக இருந்தால் படுத்துவிடும். ஆம்பின் பின்புறத்தில் 'ஆட்டோ' அல்லது 'சிக்னல் சென்ஸ்' என்று போட்டிருக்கும். ஒயர் ஒன்று குறைகிறது என்பதைத் தவிர இதில் பெரிய நன்மை இல்லை. டிரிகர் இருக்கிற இடத்தில் டிரிகரையே பயன்படுத்துவது நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

டிவிக்கும் ரிசீவருக்கும் இடையே நடப்பது வேறு கதை. அங்கே எச்.டி.எம்.ஐ. ஒயருக்குள் ஓடும் சி.இ.சி. என்ற கட்டளைத் தடம் வேலை செய்கிறது. ஆகவே முழுச் சங்கிலி இது: டிவி ரிசீவரை எழுப்புகிறது, ரிசீவர் ஆம்பை எழுப்புகிறது. எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரியாமல் கடைக்குப் போனால், நன்றாக இருக்கும் பெட்டிக்குப் பணம் கட்ட நேரிடும். ரிசீவர் எழுந்து ஆம்ப் மட்டும் எழவில்லை என்றால் டிவியையும் எச்.டி.எம்.ஐ. ஒயரையும் தொடவே வேண்டாம். ரிசீவரே எழவில்லை என்றால் டிரிகர் ஒயரை மாற்றிப் பயனில்லை.

முதலில் ஆம்பை மட்டும்

டிரிகர் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆம்பின் பட்டனைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அப்படியும் எழாவிட்டாலோ, எழுந்து சில விநாடியில் சிவப்பு விளக்கு மின்னி அடங்கிவிட்டாலோ, டிரிகருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆம்ப் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் நிலைக்குப் போயிருக்கிறது. ஸ்பீக்கர் ஒயரின் ஒரே ஒரு செம்புத் தும்பு பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தால்கூட இப்படி நடக்கும். எல்லா ஸ்பீக்கர் ஒயர்களையும் கழற்றிவிட்டு ஆன் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்: அப்போது நன்றாக எழுந்தால் ஒயரிலோ ஸ்பீக்கரிலோ கோளாறு, அப்போதும் படுத்தால் ஆம்புக்குள் கோளாறு. ஒயரைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் ஆம்பின் பிளக்கை எடுத்துவிட வேண்டும்.

கையால் அழுத்தினால் ஆம்ப் நன்றாக எழுகிறது என்றால், அதன் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். பல ஆம்ப்களில் அங்கே ஒரு சிறு நகர்த்தும் சுவிட்ச் இருக்கும். ஒரு நிலை கையால் இயக்குவதற்கு, ஒரு நிலை ஒலி கேட்டு எழுவதற்கு, ஒரு நிலை டிரிகருக்கு. அந்தச் சுவிட்ச் டிரிகர் நிலையில் இல்லாவிட்டால் எத்தனை விலையுயர்ந்த ஒயர் போட்டாலும் ஆம்ப் அசையாது. வீடு சுத்தம் செய்யும்போதோ ஆம்பை இழுத்து ஒயர் மாட்டும்போதோ விரல் பட்டு அது நகர்ந்துவிடும். தீபாவளிக்கு முன்பு வரை நன்றாக இருந்தது, பிறகுதான் கெட்டது என்று சொல்லப்படும் கோளாறுகளில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சில ஆம்ப்களில் பின்புறத்தில் பெரிய மெயின் சுவிட்சும் தனியாக உண்டு. அது ஆஃப் ஆக இருந்தால் டிரிகர் எதையும் செய்ய முடியாது.

அடுத்து துளைகள். 'டிரிகர் இன்', 'டிரிகர் அவுட்', ரிமோட் கதிருக்கான 'ஐ.ஆர்.' துளை எல்லாம் ஒரே அளவு, ஒரே தோற்றம். எல்லாம் இயர்போன் துளை போலத்தான் இருக்கும். இருட்டு அலமாரியில் தடவித் தடவிச் செருகினால் மாறிப்போவது சுலபம். ரிசீவரில் 'அவுட்', ஆம்பில் 'இன்' என்பதே சரி. ஐ.ஆர். துளைக்குள் 12 வோல்ட் பாய்ந்தால் அந்தச் சுற்றுக்குக் கேடு வரலாம். கைவிளக்கு அடித்து எழுத்தைப் படித்த பிறகே செருக வேண்டும்.

மல்டிமீட்டர் சொல்லும் சாட்சி

இதற்கு மேல் ஊகம் வேண்டாம். சாமான் கடையில் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். நேர்மின்சாரம் அளக்கும் பகுதியில் 20 வோல்ட் நிலையில் வைக்க வேண்டும். டிரிகர் ஒயரின் ஒரு முனையை ரிசீவரின் 'டிரிகர் அவுட்' துளையில் செருகி, மறுமுனையை ஆம்பில் செருகாமல் வெளியே வைத்துக்கொண்டு ரிசீவரை ஆன் செய்ய வேண்டும். வெளியே இருக்கும் பிளக்கின் நுனியில் சிவப்பு ஊசி, தண்டில் கறுப்பு ஊசி. சுமார் 12 வோல்ட் காட்ட வேண்டும். ரிசீவரைத் தூங்க வைத்தால் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். அளக்கும்போது ஊசிகள் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. நுனியும் தண்டும் சேர்ந்தால் ரிசீவரின் டிரிகர் சுற்று ஷார்ட் ஆகும்.

12 வோல்ட் ஒழுங்காக வருகிறது, ஆனால் ஆம்ப் எழவில்லை என்றால் கோளாறு ஆம்பின் பக்கம். ஒன்றுமே வரவில்லை என்றால் வேறு ஒயர் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் வராவிட்டால் ரிசீவரின் பக்கம். மூன்றாவது ஒரு நிலையும் உண்டு: வெளியே 12 காட்டுகிறது, ஆம்பில் செருகியதும் செய்தி செத்துப்போகிறது. டிரிகர் தாங்கக்கூடியதைவிட அதிகமாக ஏதோ இழுக்கிறது என்று அதற்குப் பொருள். டிரிகர் சும்மா கைகாட்டுவதற்கான மின்சாரம், வேலை செய்வதற்கானது அல்ல. டெனோன் ரிசீவர்களில் இதன் உச்சவரம்பு பொதுவாக 150 மில்லியாம்பியர், யாமாஹாவில் 100 மில்லியாம்பியர். அலமாரிச் சூட்டைக் குறைக்க அதே டிரிகரில் கணினி விசிறி ஒன்றை ஒட்டுப்போட்டு ஓட்டுபவர்கள் உண்டு. யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் விசிறி ஓடத் தொடங்கும் கணத்தில் அதிகம் இழுக்கும், ஆம்புக்கு மிச்சம் இருக்காது. விசிறிக்குத் தனி அடாப்டர் வாங்கிக் கொடுப்பதே நல்லது.

ஒயர் பற்றி ஒரு வார்த்தை. வேண்டியது இரு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் மோனோ பிளக் உள்ள ஒயர். அதாவது பிளக்கில் ஒரே ஒரு கறுப்பு வளையம் இருக்கும். வீட்டில் கிடக்கும் ஸ்டீரியோ ஒயரும் பெரும்பாலும் வேலை செய்யும், ஏனென்றால் நுனியும் தண்டும் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பழைய டேப் ரெக்கார்டரோடு வந்த சில ஒயர்களுக்குள் ஒலியைக் குறைக்கும் ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அதைப் போட்டால் வெளியே அளக்கும்போது 12 காட்டிவிட்டு, ஆம்பில் செருகியதும் சரிந்துவிடும். டிரிகருக்கென்றே விற்கும் விலையுயர்ந்த ஒயர் தேவையே இல்லை. ஆன், ஆஃப் தவிர வேறெதையும் சொல்லாத ஒயருக்குத் தங்க முலாம் எதற்கு?

இரண்டு ஆம்ப் இருந்தால், முதல் ஆம்பின் 'டிரிகர் அவுட்' துளையிலிருந்து இரண்டாவதுக்கு எடுத்துப் போவது நல்ல முறை. பெரிய ஆம்ப்கள் ஒரே நொடியில் எழுந்தால் தொடக்கத்தில் இழுக்கும் மின்சாரம் மிக அதிகம். வீட்டு மெயின் பெட்டியில் பிரேக்கர் 'டக்' என்று விழுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அவுட் துளையில் சில விநாடி தாமதம் கொடுக்கும் ஆம்ப்களில் இந்தத் தொல்லை குறையும். எந்த நிலையிலும் இரண்டு ரிசீவர்களின் டிரிகர் அவுட் இரண்டையும் ஒரே ஒயரில் சேர்க்கக் கூடாது.

மெனுவில் ஒளிந்திருக்கும் காரணம்

மீட்டரில் பூஜ்யம் காட்டினால் உடனே ரிசீவர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். டிரிகர் எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதை மெனு தீர்மானிக்கிறது. டெனோன், மராண்ட்ஸ் ரிசீவர்களில் செட்டப் மெனுவின் ஜெனரல் பகுதியில் 'டிரிகர் அவுட்' என்று இருக்கும். எந்த ஸோனுக்கு, எந்த இன்புட்டுக்கு டிரிகர் எழ வேண்டும் என்று அங்கே ஒவ்வொன்றாகக் குறிக்கலாம். யாமாஹாவில் பவர், சோர்ஸ், மேனுவல் என்று மூன்று முறைகள். சோர்ஸ் முறையில் வைத்திருந்தால், ஒரு இன்புட்டில் ஆம்ப் எழும், இன்னொன்றில் எழாது. ப்ளூ-ரே போட்டால் சத்தம் வருகிறது, டிவி நிகழ்ச்சிக்கு வருவதில்லை என்று குழம்புபவர்கள் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

ஸோன் 2 என்பதும் இப்படியே. படுக்கை அறைக்குப் பாட்டு அனுப்ப ஸோன் 2 மட்டும் ஆன் செய்தால், மெயின் ஸோனுக்குக் குறித்த டிரிகர் எழாது. அது கோளாறு அல்ல, நல்லதுதான். கூடத்துப் பெரிய ஆம்ப் வீணாக எழ வேண்டியதில்லை. ரிசீவரில் இரண்டு டிரிகர் துளை இருந்தால் ஒன்றை மெயினுக்கும் மற்றதை ஸோன் 2-க்கும் பிரித்துக் கொடுக்கலாம். பழைய அமைப்பை அழித்து ரிசீவரை ஃபேக்டரி நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் இந்தக் குறிப்புகளையும் சேர்த்து இழந்திருப்பார்கள்.

இன்னொரு மாயமும் உண்டு. எச்.டி.எம்.ஐ. பாஸ் த்ரூ என்ற வசதி ஆன் ஆக இருந்தால், ரிசீவர் தூக்கத்தில் இருக்கும்போதே படமும் ஒலியும் அதன் வழியாக டிவிக்குப் போகும். சத்தம் டிவியின் சொந்த ஸ்பீக்கரில் வரும். படம் ரிசீவர் வழியாகத்தான் வருகிறது, ஆகவே ரிசீவர் ஆன் ஆகிவிட்டது என்று நினைத்து ஆம்பைக் குறை சொல்வார்கள். ரிசீவரே உண்மையில் எழவில்லை.

சில ஆம்ப்களில் முகப்புப் பட்டனும் டிரிகரும் முரண்படும். ரிசீவர் ஆன் ஆக இருக்கும்போதே யாரோ ஆம்பின் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டால், டிரிகரில் 12 வோல்ட் இருந்துகொண்டே இருந்தாலும் ஆம்ப் எழாது. 12 வோல்ட் ஒருமுறை போய்த் திரும்பி வரும் வரை காத்திருக்கும். ரிசீவரை அணைத்து, பத்து விநாடி கழித்து ஆன் செய்தால் சரியாகிவிடும்.

ஒலி கேட்டு எழும் முறையின் தொல்லைகள்

ஆம்ப் எழும்புவதற்கு ஒரு குறைந்தபட்சச் சத்தம் தேவை. குழந்தை தூங்குகிறது என்று வால்யூமைக் குறைத்து இரவில் படம் பார்த்தால், ஒயரில் வரும் சிக்னல் அந்த எல்லையைத் தொடாது. ஆம்ப் எழாது, அல்லது அமைதியான காட்சியில் நடுவே படுத்துவிடும். பிறகு ஒரு சண்டைக் காட்சியில் திடீரென்று எழுந்து எல்லாரையும் எழுப்பும். எழும்பும்போதெல்லாம் வசனத்தின் முதல் சில சொற்கள் தொலைந்துபோகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1275/2008 விதி, வீட்டுச் சாதனங்கள் தூங்கும்போது இழுக்கும் மின்சாரத்துக்கு வரம்பு போட்டது. 2013-இல் அந்த வரம்பு சாதாரணத் தூக்கத்துக்கு அரை வாட் ஆனது. பயன்பாடு இல்லாதபோது சாதனம் தானே தூங்கிவிட வேண்டும் என்பதும் அந்த விதியின் பகுதியாக இருந்தது. அந்தச் சந்தைக்கும் சேர்த்துச் செய்யப்பட்ட சாதனங்கள் ஆட்டோ தூக்கத்தோடு வருவது இதனால்தான்.

தனி ஆம்ப் இல்லாத வீடுகளிலும் இதே நோய் சப்வூஃபரில் வரும். பவர் உள்ள சப்வூஃபர்கள் ஏறக்குறைய எல்லாமே ஒலி கேட்டு எழுபவை. அதற்கு ஒரு எளிய மருந்து உண்டு. சப்வூஃபரின் பின்புறத்து வால்யூம் திருகைக் குறைத்துவிட்டு, ரிசீவர் மெனுவில் சப்வூஃபர் அளவை அதே அளவுக்குக் கூட்ட வேண்டும். காதில் விழும் சத்தம் மாறாது. ஆனால் ஒயரில் வரும் சிக்னல் வலுப்பெற்று எழுப்பும் எல்லையைத் தாண்டிவிடும். ரிசீவரின் மைக் வைத்து அளக்கும் வசதியை ஓட்டியபோது திருகு அதிகமாக இருந்திருந்தால், ரிசீவர் சப்வூஃபருக்குப் போகும் சிக்னலை மிகவும் தாழ்த்தியிருக்கும். திருகைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுவதே சுத்தமான தீர்வு.

நேர்மாறான புகாரும் வரும்: யாரும் தொடாமல் நடு இரவில் ஆம்ப் தானாக எழுகிறது. பேய் இல்லை. ஒயரில் நுழையும் இரைச்சலை ஆம்ப் பாட்டு என்று நினைத்துக்கொள்கிறது. ஒலி ஒயர் மின் ஒயரோடு பின்னிக்கிடந்தால் பிரித்துவைக்க வேண்டும். டிரிகருக்கு மாறிவிட்டால் இந்த இரண்டு தொல்லையும் ஒரேயடியாகப் போய்விடும்.

ரிசீவரே எழாவிட்டால்

இப்போது சங்கிலியின் முதல் கண்ணி. சி.இ.சி. என்ற ஒரே வசதிக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரைச் சூட்டியிருக்கிறது. சாம்சங் டிவியில் அது எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானாசோனிக்கில் வியேரா லிங்க். டிவி மெனுவில் அதையும், ரிசீவர் மெனுவில் எச்.டி.எம்.ஐ. கண்ட்ரோலையும் ஆன் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஆன் செய்தால் பயனில்லை. டிவியின் ஒலி ரிசீவருக்கு வரவேண்டுமானால் ஒயர் டிவியில் ஏ.ஆர்.சி. அல்லது இ.ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளையிலும், ரிசீவரின் எச்.டி.எம்.ஐ. அவுட் துளையிலும் செருகியிருக்க வேண்டும். கட்டளை ஓடுவது எச்.டி.எம்.ஐ. பிளக்கின் 13-ஆம் பின்னில். மலிவான அடாப்டர், பிரிப்பான் சிலவற்றில் அந்தப் பின்னை இணைக்காமலே விட்டிருப்பார்கள். படம் பளிச்சென்று வரும், கட்டளை மட்டும் போகாது. நடுவில் இருப்பதை எடுத்துவிட்டு நேரடி ஒயர் போட்டுச் சோதித்தால் புரிந்துவிடும்.

மின்சாரம் தடைப்பட்டுத் திரும்பிய பிறகு சி.இ.சி. குழம்பிப்போவது சகஜம். எல்லாப் பெட்டிகளின் பிளக்கையும் எடுத்து, ஐந்து நிமிடம் விட்டு, முதலில் டிவி, பிறகு ரிசீவர், கடைசியில் மற்ற பெட்டிகள் என்று ஒவ்வொன்றாக ஆன் செய்தால் பல நேரம் தெளிந்துவிடும். ரிமோட்டில் அணைப்பது இதற்குப் போதாது. ரிசீவர் நடு இரவில் தானே எழுந்தால், எச்.டி.எம்.ஐ.யில் மாட்டியிருக்கும் ஸ்ட்ரீமிங் பெட்டியோ விளையாட்டுப் பெட்டியோ தன்னைப் புதுப்பித்துக்கொள்ள எழுந்தபோது கூடவே இதையும் எழுப்பியிருக்கலாம். அந்தப் பெட்டியின் மெனுவில் மட்டும் சி.இ.சி.யை அணைத்துவிட்டால் போதும். எல்லாவற்றிலும் அணைக்க வேண்டாம்.

மின்னல் அடித்த மறுநாள் இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். நம் நாட்டில் இடி மின்னலுக்குக் குறைவில்லை. கூரையிலிருந்து வரும் ஆன்டெனா அல்லது டிஷ் ஒயர் வழியாக ஏறும் மின்னதிர்ச்சி, பெட்டியிலிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக ரிசீவருக்கும் டிவிக்கும் பாயும். பவர் பிளக்கை மட்டும் எடுத்துவிட்டு டிஷ் ஒயரை மாட்டியே வைப்பது பாதிப் பாதுகாப்புதான். ஒரு எச்.டி.எம்.ஐ. துளை செத்திருந்தால் வேறு துளைக்கு மாற்றிப் பார்க்கலாம். எல்லாமே செத்திருந்தால் ரிசீவரின் எச்.டி.எம்.ஐ. போர்டை மாற்ற வேண்டியிருக்கும். பழைய ரிசீவருக்கு அந்தச் செலவு தேறுமா என்று விலை கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

உறுமல் சத்தமும் எர்த் பின்னும்

டிரிகர் ஒயரைச் செருகியதும் ஆம்ப் எழுகிறது, ஆனால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று தொடர் உறுமல் கேட்கிறது. ஒயரைப் பிடுங்கினால் உறுமல் போய்விடுகிறது. டிரிகர் ஒயரின் தண்டு ரிசீவரின் கிரவுண்டையும் ஆம்பின் கிரவுண்டையும் இன்னொரு வழியாக இணைத்து வட்டமாக்கிவிட்டது. அந்த வட்டத்தில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சாயல் சுற்றுகிறது.

இதற்குச் சிலர் சொல்லும் வைத்தியம், ஆம்ப் பிளக்கின் எர்த் ஒயரைக் கழற்றிவிடுவது. உறுமல் உண்மையிலேயே நின்றுவிடும். அதனால்தான் இந்த யோசனை வாய்வழியாகப் பரவுகிறது. ஆனால் நம் மூன்று பின் பிளக்கில் பச்சை-மஞ்சள் ஒயர் இருப்பது, ஆம்புக்குள் ஏதாவது அறுந்து இரும்புப் பெட்டியைத் தொட்டால், அந்த மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பி பிரேக்கரை விழ வைப்பதற்கு. அதைக் கழற்றிய ஆம்பில் அப்படி நடந்தால் பிரேக்கர் விழாமலே பெட்டி முழுதும் 230 வோல்ட் நிற்கும். அடுத்துத் தொடுபவரின் உடல்தான் மண்ணுக்குப் போகும் வழி. பழைய வீடுகளில் எர்த் ஒயரிங்கே சரியில்லாமல் இருப்பதும், இ.எல்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதை ஓரங்கட்டி இணைத்திருப்பதும் நடக்கிறது. அங்கே இந்த வைத்தியம் இன்னும் ஆபத்து. ஒயரிங்கில் சந்தேகம் இருந்தால் சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற ஒயர்மேனைக் கூப்பிட வேண்டும்.

உறுமலுக்குச் சரியான வழி இரண்டு. ரிசீவர், ஆம்ப், டிவி எல்லாவற்றையும் ஒரே சுவர் பாயிண்ட்டிலிருந்து எடுத்துப் பார்ப்பது முதல் வழி. ஆம்ப் பெரிதாக இருந்தால் அதற்கேற்ற தரமான நீட்டிப்பு ஒயர் வேண்டும். அதிலும் அடங்காவிட்டால், டிரிகர் ஒயரின் நடுவே 12 வோல்ட் ரிலே ஒன்றோ, ஒளிவழி பிரிக்கும் சிறு சாதனமோ வைத்து இரண்டு கிரவுண்டையும் பிரிப்பது. ரிலே வெறும் சுவிட்ச் மட்டும்தான். ஆகவே ஆம்ப் பக்கத்துக்கு 12 வோல்ட் கொடுக்கத் தனி அடாப்டர் ஒன்று தேவைப்படும். மின்னணு வேலை தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை.

டிரிகர் துளையே இல்லாத ரிசீவர்

மலிவு விலை ரிசீவர்களில் டிரிகர் இருப்பதில்லை. பழைய ரிசீவர் சிலவற்றின் பின்புறத்தில், ரிசீவரோடு சேர்ந்து ஆன் ஆகும் மின் பாயிண்ட் ஒன்று இருக்கும். அதில் ஆம்பையே செருகக் கூடாது. அது தாங்கும் வாட் மிகக் குறைவு, பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஆனால் ஒரு சிறிய 12 வோல்ட் அடாப்டரை அதில் செருகி, அதன் ஒயர் முனையில் 3.5 மில்லிமீட்டர் மோனோ பிளக் போட்டால் அதுவே டிரிகர் ஆகிவிடும். நுனியில் பாசிட்டிவ், தண்டில் நெகட்டிவ். ரோட்டல் போன்ற சில நிறுவனங்களின் ஆம்ப்கள் 3 முதல் 30 வோல்ட் வரை எதையும் டிரிகராக ஏற்கும். அப்படிப்பட்ட ஆம்புக்கு டிவியின் யு.எஸ்.பி. துளையில் வரும் 5 வோல்ட்கூடப் போதும். இதைச் செய்யும் முன் ஆம்பின் கையேட்டில் எண்ணைப் பார்க்க வேண்டும். டிவி அணைந்த பிறகும் யு.எஸ்.பி.யில் மின்சாரம் நிற்கிறதா என்று மீட்டரில் பார்ப்பதும் அவசியம். சில டிவிகளில் நிற்காது, சிலவற்றில் நின்றுகொண்டே இருக்கும், ஆம்பும் தூங்காது.

ஸ்மார்ட் பிளக் வாங்கி ஆம்பை அதில் மாட்டலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைச் சோதிக்க வேண்டும். ஆம்பை ஆன் நிலையில் வைத்து, சுவர்ச் சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டால் ஆம்ப் தானே எழுகிறதா? அழுத்தி நிற்கும் பழைய வகைப் பட்டன் உள்ள ஆம்ப் எழும். தொட்டால் எழும் மென்பட்டன் உள்ளது பெரும்பாலும் எழாமல் சிவப்பு விளக்கோடு நிற்கும். அதற்கு ஸ்மார்ட் பிளக் காசுக்குக் கேடு.

எல்லாம் பார்த்த பிறகும் ஆம்பையோ ரிசீவரையோ கடைக்குக் கொடுக்க வேண்டியிருந்தால், 'ஆன் ஆகவில்லை' என்று மட்டும் சொல்லக் கூடாது. 'கையால் அழுத்தினால் எழுகிறது, டிரிகர் ஒயரில் 12 வோல்ட் அளந்தோம், ஆம்ப் எழவில்லை' என்றோ, 'மெனுவில் டிரிகர் ஆன், வேறு ஒயரும் போட்டோம், துளையில் பூஜ்யம்' என்றோ ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால் டெக்னீஷியன் டிரிகர் சுற்றை மட்டும் திறந்து பார்ப்பார். பழுது விலையை வேலை தொடங்கும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதும், மாற்றிய பழைய உதிரியைத் திருப்பிக் கேட்பதும் தவறல்ல. ஆம்பின் மூடியை வீட்டில் திறக்க வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.